கூடலூர்க் கடலில் பூர்கோஞ்

1758ஆம் ஆண்டு ஏப்ரல் 28ஆம் நாள் தேவனாம்பட்டினத்துக்கு எதிரே கடலில் ஒரு பிரெஞ்சுக் கப்பற்படை வந்து நின்றது. கெடிலம் கடலோடு கலக்கும் அந்த இடத்தில்தான் ஆங்கிலேயரின் புனித டேவிட் கோட்டை இருந்தது. கோட்டைக்கு முன்னால் நின்றிருந்த 'பிரிட்ஜ்வாட்டர்', 'டிரைட்டன்' என்ற இரண்டு ஆங்கிலப் போர்க்கப்பல்களும் தப்ப வழியின்றிக் கரையில் ஏற்றப்பட்டு, சொந்த மாலுமிகளாலேயே கொளுத்தப்பட்டன. மறுநாள் நடந்த கடற்சண்டையை வரலாற்று நூல்கள் 'கடலூர்ப் போர்' என்று குறிக்கின்றன. ஏழாண்டுப் போர் என்று ஐரோப்பியர் சொல்லும் பெரும்போரின் சிறிய அத்தியாயங்களுள் ஒன்று அது.

போரின் போக்கைவிட என்னை நெடுநாள் நிறுத்திவைத்தது அந்தப் படையின் கப்பல் பட்டியல். தளபதி தாஷேயின் கீழ் வந்த கப்பல்களுள் ஒன்றின் பெயர் 'த்யூக் த பூர்கோஞ்'. ஏறத்தாழ அறுபது பீரங்கிகளைச் சுமந்த கப்பல். பெயரைத் தமிழில் சொன்னால் 'பூர்கோஞ் கோமகன்'. பூர்கோஞ் என்பது ஆங்கிலம் வழியாக நாம் 'பர்கண்டி' என்று அறிந்திருக்கும் நிலப்பகுதியின் பிரெஞ்சுப் பெயர். உலகின் மிகப் புகழ்பெற்ற திராட்சைத் தோட்டங்கள் உள்ள மண். அதே படையில் 'கோம்த் த ப்ரொவான்ஸ்' என்று இன்னொரு கப்பலும் இருந்தது. ப்ரொவான்ஸ் நாடும் திராட்சைக்கும் மதுவுக்கும் பேர் போனதே. ஆக, இரண்டு திராட்சை நிலங்களின் பெயர்கள் ஒரே நாளில் நம் கடற்கரைக்கு வந்து சேர்ந்தன. மதுச்சாடிகளின் மேல் எழுதப்பட்டு வரவில்லை. பீரங்கிக் கப்பல்களின் பின்புறத்தில் எழுதப்பட்டு வந்தன.

ஒரு மண்ணின் பெயர் எப்படி அந்த மண்ணை விட்டுக் கழன்று, அதிகாரத்தின் பெயராகி, கடல் தாண்டிப் பிறிதொரு மண்ணின்மேல் நெருப்பாக விழுகிறது என்பது யோசிக்கத்தக்க விஷயம். கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் வடலூருக்கும் இடைப்பட்ட சிறிய முக்கோண நிலத்தில் நின்று பார்த்தால் இந்தக் கேள்விக்குப் பல விடைகள் கிடைக்கின்றன.

*

முதலில் அந்தப் பெயரின் கதை. ஐந்தாம் நூற்றாண்டில் ரோமானியப் பேரரசு தளர்ந்தபோது, வடக்கிலிருந்து வந்த பர்குண்டியர் என்ற ஜெர்மானியக் குடியினர் ரோன், சோன் ஆறுகளின் பள்ளத்தாக்கில் குடியேறி ஓர் அரசை நிறுவினார்கள். அரசு நூறாண்டுகூட நிலைக்கவில்லை. அவர்களுடைய மொழியும் மறைந்தது. ஆனால் பெயர் மட்டும் மண்ணோடு ஒட்டிக்கொண்டது. குடிப்பெயர் நாட்டுப்பெயராயிற்று. இடைக்காலத்தில் பூர்கோஞ் கோமகன்கள் பிரெஞ்சு மன்னர்களையே அச்சுறுத்தும் வலிமையுடன் ஆண்டார்கள். 1477இல் கடைசிக் கோமகன் சார்ல் போரில் மடிந்தபின் அந்தக் கோமகனாட்டைப் பதினோராம் லூயி மன்னர் பிரான்சோடு இணைத்துக்கொண்டார்.

அந்த நாட்டின் மதுவுக்கும் அரசியலுக்கும் பிரிக்க முடியாத உறவு உண்டு. அங்கே துறவிகள் பல தலைமுறைகளாகத் திராட்சை பயிரிட்டு, எந்தச் சரிவில் எந்தக் கொடி எப்படிக் காய்க்கும் என்று பாத்தி பாத்தியாக அறிந்துவைத்திருந்தார்கள். சிஸ்டர்சியத் துறவிகள் வளர்த்தெடுத்த வூஜோ தோட்டம் இன்றும் கல்மதிலுக்குள் இருக்கிறது. 1395இல் கோமகன் பிலிப் ஓர் ஆணை பிறப்பித்தார். மிகுதியாகக் காய்த்தாலும் சுவை குறைந்தது என்று கருதப்பட்ட 'கமே' என்ற திராட்சை வகையைப் பிடுங்கி எறிய வேண்டும் என்பது அந்த ஆணை. அளவைவிடத் தரம், விளைச்சலைவிடப் பெயர் என்ற எண்ணம் ஓர் அரசாணையாகவே அங்கு எழுதப்பட்டுவிட்டது. தன் மண்ணின் பெயர் கெடக்கூடாது என்ற கவலை அந்த நாட்டுக்கு அறுநூறு ஆண்டுப் பழையது.

இன்னொரு செய்தியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பூர்கோஞ் கடல் இல்லாத நாடு. அதன் மது பெரும்பாலும் சாலை வழியாகவும் ஆறுகள் வழியாகவும் பாரிசுக்கும் வடக்கே ஃபிளாந்தருக்கும் சென்றது. கடல் வழியே உலகெங்கும் சென்றது போர்தோ துறைமுகத்து மது. வெப்ப மண்டலத்தைக் கடக்கும் நெடுந்தூரக் கப்பல்களில் மதுவைக் கெடாமல் கொண்டுசேர்ப்பதே அக்காலத்தில் பெரும்பாடு. சாராயம் சேர்த்து வலுவூட்டிய மதீராத் தீவின் மதுதான் வெயிலையும் கப்பலின் ஆட்டத்தையும் தாங்கியது. கிழக்கிந்தியக் கும்பினி வெள்ளையர் விரும்பிக் குடித்ததும் அதையே. சோழமண்டலக் கரைக்கு பூர்கோஞ் மது வந்ததைவிட பூர்கோஞ் என்ற பெயர்தான் எளிதாக வந்தது என்று சொல்லலாம்.

*

அந்தப் பெயர் கப்பலில் ஏறிய விதம் வேறு கதை. கோமகனாடு அரசோடு இணைந்த பிறகு 'பூர்கோஞ் கோமகன்' என்பது நிலத்தை ஆள்பவரின் பட்டமாக இல்லை. அரச குடும்பத்துப் பேரப் பிள்ளைகளுக்குச் சூட்டும் அலங்காரப் பட்டமாகிவிட்டது. பதினைந்தாம் லூயியின் மகன்வழி மூத்த பேரன் 1751 செப்டம்பரில் பிறந்தபோது அந்தப் பட்டம் அவனுக்குக் கிடைத்தது. லூயி ஜோசப் சாவியே என்பது அவன் பெயர். பிற்காலத்தில் புரட்சியில் தலையிழந்த பதினாறாம் லூயிக்கு அண்ணன். 'ப்ரொவான்ஸ் பிரபு' என்ற பட்டம் 1755இல் பிறந்த தம்பி ஒருவனுக்குச் சென்றது. அவனே பின்னாளில் பதினெட்டாம் லூயியாக அரியணை ஏறியவன்.

ஆக, 1758இல் கூடலூர்க் கடலுக்கு வந்த ஒரு கப்பல் ஆறு வயதுச் சிறுவனின் பெயரையும் மற்றொரு கப்பல் இரண்டு வயதுக் குழந்தையின் பெயரையும் தாங்கியிருந்தன. மன்னர் குடும்பத்தைக் குளிர்விப்பதற்காகக் கும்பினிகள் தங்கள் கப்பல்களுக்கு இப்படிப் பெயரிடுவது வழக்கம். தாஷேயின் கப்பல்களில் பெரும்பாலானவை பிரெஞ்சுக் கும்பினிக்குச் சொந்தமானவையே.

அந்தச் சிறுவன் நோயாளி. எலும்பில் பரவிய காசநோயால் நடக்க முடியாமல் கிடந்து, 1761 மார்ச் 22இல் தன் ஒன்பதாவது வயதில் இறந்துபோனான். அதற்கு இரண்டு மாதம் முன்பு, ஜனவரி 16இல், புதுச்சேரி ஆங்கிலேயரிடம் வீழ்ந்திருந்தது. கப்பல் பயணம் ஐந்தாறு மாதம் பிடிக்கும் காலம் அது. தன் பெயர் தாங்கிய கப்பல் காக்கப் போன ஊர் விழுந்துவிட்டது என்ற செய்தி பிரான்சைச் சென்றடையும் முன்னரே அவன் கண்மூடிவிட்டான். தன் பட்டத்துக்குரிய திராட்சைத் தோட்டங்களில் அவன் என்றும் வாழ்ந்ததில்லை. கூடலூர் என்ற பெயரை அவன் கேள்விப்பட்டிருக்கவும் நியாயமில்லை.

*

இனி, கடலிலிருந்து கரைக்கு வருவோம்.

தாஷேயின் கப்பல்களில் வந்திறங்கியவர் லாலி. அயர்லாந்து வம்சாவளியைச் சேர்ந்த பிரெஞ்சுத் தளபதி. துணிச்சல்காரர்; அதைவிட அவசரக்காரர். 'கோம்த் த ப்ரொவான்ஸ்' கப்பல் அவரைப் புதுச்சேரிக்கு ஏற்றிச் சென்றதால் மறுநாள் கடற்போரின் பெரும்பகுதியில் அது கலந்துகொள்ளவில்லை. கடற்போரில் வெற்றி யாருக்கும் தெளிவாகக் கிட்டவில்லை. ஆங்கிலேயத் தளபதி போகாக்கின் பக்கம் 29 பேர் இறந்தார்கள். தரைப்படையினரையும் சேர்த்து ஏற்றிவந்ததால் பிரெஞ்சுக் கப்பல்களில் சாவு பல மடங்கு அதிகம். போருக்குப் பின் அவர்களுடைய 'பியேனேமே' என்ற கப்பல் ஆலம்பரைக் கரையில் ஒதுங்கி உடைந்தது. அந்தப் பெயருக்குப் பொருள் 'மிகவும் நேசிக்கப்பட்டவன்'. அதுவும் மன்னருக்குக் குடிகள் சூட்டிய பட்டம்தான்.

லாலி இறங்கிய அன்றே படையைக் கூடலூர் நோக்கி அனுப்பினார். சரியான வழிகாட்டிகள் இல்லை, உணவு ஏற்பாடு இல்லை. சிப்பாய்கள் பசியோடு இரவெல்லாம் வழிதவறி அலைந்து விடியற்காலையில் வந்து சேர்ந்தார்கள். மே மாதத் தொடக்கத்தில் கூடலூர் நகரம் பணிந்தது. ஜூன் 2இல் புனித டேவிட் கோட்டையும் சரணடைந்தது. 1690இல் செஞ்சி மராட்டியரிடமிருந்து வாங்கப்பட்டு, 1746இல் சென்னை பிரெஞ்சுக்காரரிடம் போனபின் ஆறாண்டுகள் சோழமண்டலத்து ஆங்கிலேயருக்கே தலைமையிடமாக இருந்த கோட்டை அது. லாலி அதை இடித்துத் தள்ளினார். இன்று தேவனாம்பட்டினத்தில் மிஞ்சியிருப்பவை சில சிதைவுகளே.

இந்த முற்றுகைக்காகப் பீரங்கிகளையும் குண்டுகளையும் இழுக்க மாடுகள் போதவில்லை. அக்கால வரலாற்றாசிரியர்கள் எல்லோரும் குறிப்பிடும் ஒரு செய்தி உண்டு. லாலியின் ஆணைப்படி புதுச்சேரியிலும் சுற்றுவட்டாரத்திலும் உள்ள மக்கள், சாதியோ தொழிலோ பார்க்கப்படாமல், பிடித்துவரப்பட்டுச் சுமைதூக்க வைக்கப்பட்டார்கள். ஐரோப்பிய நூல்கள் இதைப் பெரும்பாலும் லாலியின் அறியாமை என்றே விமரிசிக்கின்றன. உள்ளூர்ச் சமூக முறை தெரியாமல் மேல்சாதியினரைக் கூலிகளாக்கிக் குடிகளின் பகையைத் தேடிக்கொண்டார் என்பது வாதம். அந்த விமரிசனத்துக்குள் ஒரு பெரிய மௌனம் இருக்கிறது. மேல்சாதியினர் சுமை தூக்கியது செய்தியாயிற்று. அதற்கு முன்னும் பின்னும் எல்லாப் படைகளுக்கும் சுமை தூக்கியவர்கள் செய்தியாகவே இல்லை.

ஒவ்வொரு கப்பலின் பெயரும், அதன் பீரங்கி எண்ணிக்கையும் நமக்குத் தெரியும். அந்த மே மாத வெயிலில் ஒரு பீரங்கியை இழுத்துச் சென்ற ஒரு மனிதரின் பெயர்கூடத் தெரியாது. ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் எழுதிய நாட்குறிப்பு இல்லையென்றால் இந்தக் காலத்தைத் தமிழ்க் கண்ணால் பார்க்கும் வாய்ப்பே நமக்கு இருந்திருக்காது. கப்பல் வந்த நேரத்தையும் அதற்கு முழங்கிய பீரங்கிகளின் எண்ணிக்கையையும் விடாமல் எழுதிவைத்த பெருமகன் அவர். ஆனால் அவரும் துபாஷி. துறைமுகத்திலும் மாளிகையிலும் இருந்து பார்த்தவர். புதுச்சேரி வீழ்வதற்கு நான்கு நாட்கள் முன்பு அவரும் மறைந்தார்.

லாலியின் முடிவையும் சொல்லிவிட வேண்டும். இந்தியாவை இழந்த பழி முழுவதும் அவர்மேல் விழுந்தது. 1766 மே மாதம் பாரிசில் அவர் தலை வெட்டப்பட்டது. அவருடைய மகனும் வோல்தேரும் போராடியதன் பயனாக 1778இல் அந்தத் தீர்ப்பு தள்ளுபடி செய்யப்பட்டது. உயிர் திரும்பவில்லை, பெயர் திரும்பியது. தூக்கியவர்களுக்காக வாதாட எந்த வோல்தேரும் இல்லை.

*

இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து அதே மண்ணில் மறுபடியும் திராட்சை நாடுகளின் பெயர்கள் வந்திறங்கின. 1782இல் ஹைதர் அலியின் துணையோடு பிரெஞ்சுப் படை பரங்கிப்பேட்டையில் இறங்கிக் கூடலூரைக் கைப்பற்றியது. மறு ஆண்டு முதிய தளபதி புஸ்ஸி அங்கே அரண் அமைத்துக்கொண்டு காத்திருந்தபோது அவரிடம் இருந்த படைப்பிரிவுகளின் பெயர்களைப் பாருங்கள்: ஆக்கித்தேன், ருவாயால் ரூசியோன், ஓஸ்திராசி. ஆக்கித்தேன் என்பது போர்தோவைத் தன்னுள் கொண்ட நாடு. ரூசியோன் ஸ்பானிய எல்லையில் உள்ள திராட்சைச் சரிவுகள். கடலில் அவர்களுக்குத் துணைநின்ற சுஃப்ரேன் ப்ரொவான்சில் பிறந்தவர். புதுச்சேரியில் அவர் பெயரில் இன்றும் ஒரு வீதி உண்டு.

1783 ஜூன் 13இல் ஜெனரல் ஸ்டூவர்ட்டின் ஆங்கிலேயப் படை புஸ்ஸியின் அரண்களைத் தாக்கியது. அந்த ஒரு நாளில் மட்டும் ஆங்கிலேயர் பக்கம் இறந்தவரும் காயம்பட்டவரும் ஆயிரத்தை நெருங்கினார்கள். அவர்களுள் பெரும் பகுதியினர் நம் நாட்டுச் சிப்பாய்கள். 20ஆம் தேதி கடலில் சண்டை. 25ஆம் தேதி பிரெஞ்சுக்காரரின் எதிர்த்தாக்குதல். மாத இறுதியில் சமாதானக் கொடியுடன் ஒரு கப்பல் வந்தது. பிரிட்டனும் பிரான்சும் வெர்சாயில் சமாதானத்தின் முதல் ஒப்பந்தத்தில் ஜனவரி 20ஆம் தேதியே கையெழுத்திட்டுவிட்டன என்ற செய்தியைக் கொண்டுவந்தது. கூடலூரில் அந்த ஜூன் மாதத்தில் செத்தவர்கள் அத்தனை பேரும் முடிந்துபோன ஒரு போரில் செத்தவர்கள்.

*

பெயர்கள் ஒரு திசையில் மட்டும் பயணம் செய்யவில்லை. வந்தவர்கள் நம் ஊர்களின் பெயர்களைத் தம் நாவுக்கு ஏற்றபடி திருத்திக்கொண்டார்கள். கூடலூரை பிரெஞ்சுக்காரர் 'கூதலூர்' என்ற ஒலி வரும்படி எழுதினார்கள். ஆங்கிலேயர் 'கடலோர்' என்று ஒலிக்கும்படி எழுதினார்கள். ஆறுகளும் உப்பங்கழிகளும் கூடுமிடம் என்பதால் கூடலூர் என்பது மாவட்டக் கெசட்டியர்கள் வழியே நாம் அறியும் விளக்கம். கடலின் ஊர் என்பதால் கடலூர் என்பது இன்னொரு விளக்கம். ஹாப்சன் ஜாப்சன் அகராதி இந்தப் பக்கம் சாய்கிறது. இதில் பிரெஞ்சு வடிவத்தை ஒரு சாட்சியாக எடுத்துக்கொள்ளலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. பிரெஞ்சு நாவுக்கு நம்முடைய டகரம் வராது, அதைத் தகரமாக்கிவிடும். ஆனால் 'கூ' என்ற நெடிலைத் தன்னிச்சையாகக் கொண்டுவர அதற்குக் காரணமில்லை. அது கேட்டதையே எழுதியிருக்க வேண்டும். உள்ளூர்க்காரர்கள் கூடலூர் என்று சொன்னதன் எதிரொலி பகைவர்களின் வரைபடத்தில் தங்கியிருக்கிறது.

சற்றுத் தெற்கே பரங்கிப்பேட்டை. போர்த்துகீசியர் அதை 'போர்ட்டோ நோவோ', அதாவது புதிய துறைமுகம், என்றார்கள். ஆங்கிலேயரும் அதையே பிடித்துக்கொண்டார்கள். முஸ்லிம் வணிகர்களுக்கு அது முகமது பந்தர். தமிழர்களோ வந்தவர்களையே பெயராக்கிப் பரங்கிப்பேட்டை என்றார்கள். சிதம்பரம் அக்கால ஆங்கிலக் குறிப்புகளில் 'சில்லம்ப்ரம்' ஆகித் தேய்ந்தது. படைகள் அந்தக் கோயிலைக் கோட்டையாகவே கண்டன. 1781 ஜூனில் அதன் மதிலைத் தாக்கித் தோற்ற ஐர் கூட், இரண்டு வாரத்துக்குள் ஜூலை 1இல் பரங்கிப்பேட்டைக்கு அருகே ஹைதரை வென்றார். நூல்களில் அது போர்ட்டோ நோவோ போர்.

இவற்றுக்கு நடுவில் கரையேறவிட்டகுப்பம் என்று ஓர் ஊர் கடலூரில் இருக்கிறது. கல்லோடு பிணைத்துக் கடலில் எறியப்பட்ட அப்பர் மிதந்து வந்து கரையேறிய இடம் என்பது மரபு. எந்தப் படையும் அந்தப் பெயரைத் திருத்த முயலவில்லை. அதில் அவர்களுக்கு ஆதாயம் எதுவுமில்லை.

*

மதுவின் பெயர்களுக்கும் இந்தக் கரையில் நீண்ட நினைவு இருக்கிறது. கடலூருக்கு வடக்கே சிறிது தொலைவில் உள்ள அரிக்கமேட்டில், 1945இல் மார்ட்டிமர் வீலர் தொடங்கிய முறையான அகழாய்வு, மத்தியதரைக் கடலிலிருந்து வந்த மதுச்சாடிகளின் உடைந்த ஓடுகளை வெளிக்கொணர்ந்தது. பின்னர் வந்த ஆய்வாளர்கள் அவற்றுள் பல கிரேக்கத் தீவான காஸைச் சேர்ந்தவை என்று இனங்கண்டார்கள். யவனர் கலங்களில் கொண்டுவந்த நறுமணத் தேறலைப் பாண்டியன் அருந்தியதைப் புறநானூற்றில் நக்கீரர் பாடியிருக்கிறார். அந்தத் தேறல் எந்தச் சரிவில் விளைந்தது என்று சாடியின் வடிவத்தைக் கொண்டே சொல்ல முடிகிறது. மண்ணின் பெயர் ஓட்டில் தங்கியிருக்கிறது.

இன்னொரு வேடிக்கையையும் சொல்ல வேண்டும். திராட்சைக்குப் பழந்தமிழில் வழங்கிய பெயர்களுள் ஒன்று முந்திரி. முந்திரிகை, கொடிமுந்திரி என்றும் அகராதிகள் தரும். வடமொழியின் 'ம்ருத்வீகா'விலிருந்து வந்த சொல். பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் பிரேசிலிலிருந்து ஒரு மரத்தைக் கொண்டுவந்தார்கள். அந்த நாட்டுப் பழங்குடியினர் அதை 'அக்கஜு' என்றார்கள். ஆங்கிலேயரின் 'கேஷ்யூ'வும் பிரெஞ்சுக்காரரின் 'கஜூ'வும் அதிலிருந்து வந்தவை. தமிழ்நாட்டின் தெற்கே அதைக் கொல்லா என்றார்கள். நம் பகுதியில் அது திராட்சையின் பெயரை எடுத்துக்கொண்டு முந்திரியாயிற்று. பண்ருட்டி, வடலூர், விருத்தாசலம் என்று விரியும் செம்மண் மேட்டு நிலமெங்கும் இன்று நிற்பது அந்த முந்திரி. சொல்லளவில் பார்த்தால் இதுவும் ஒரு கொடிமுந்திரி நாடுதான்; கொடி மட்டும் இல்லை.

*

பிரெஞ்சுப் புரட்சி பழைய நாடுகளின் பெயர்களை ஒழித்தது. 1790இல் பூர்கோஞ் என்ற பெயர் ஆட்சி வரைபடத்திலிருந்து நீக்கப்பட்டு, அந்த நிலம் கோத் தோர், சோன் ஏ லுவார், யோன் என்று புதிய மாவட்டங்களாகக் கூறுபட்டது. கோமகன் பட்டங்கள் ஒழிந்தன. பூர்கோஞ் என்ற பெயரைக் காப்பாற்றியது மது. தோட்டக்காரர்களும் பீப்பாய்க்காரர்களும் குடிப்பவர்களும் அதை விடவில்லை. 1935இல் விளைநிலத்தின் பெயரைச் சட்டத்தால் காக்கும் முறை பிரான்சில் வந்தபோது அந்தப் பெயர் உழவரின் சொத்தாகவே அங்கீகாரம் பெற்றது. அந்த மண்ணில் விளையாததற்கு அந்தப் பெயரை இட முடியாது. இருபதாம் நூற்றாண்டில் ஆட்சி வரைபடத்துக்கும் பெயர் திரும்பி வந்தது. 2015இல் அதன் தோட்டப் பகுதிகள் யுனெஸ்கோவின் மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றன. இன்று அங்குள்ள மது உற்பத்தியாளர் அமைப்பு, எந்த மொழியில் எழுதினாலும் எங்கள் மண்ணை 'பர்கண்டி' என்னாதீர்கள், 'பூர்கோஞ்' என்றே எழுதுங்கள் என்று கேட்டுக்கொள்கிறது.

நம் நிலத்திலும் இதே நாடகம் நடந்திருக்கிறது. வடலூர் ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் தென்னாற்காடு மாவட்டத்தில் இருந்தது. தொலைவிலுள்ள ஆற்காட்டு நவாபின் பெயரால் கும்பினி வகுத்த பிரிவு அது. 1993இல் மாவட்டம் பிரிக்கப்பட்டபோது இந்தப் பகுதிக்குத் 'தென்னாற்காடு வள்ளலார் மாவட்டம்' என்று பெயர் வந்தது. 1997இல் தலைவர்கள், சான்றோர் பெயர்கள் எல்லா மாவட்டங்களிலிருந்தும் நீக்கப்பட்டபோது வள்ளலார் பெயரும் நீங்கி, கடலூர் மாவட்டம் என்றாயிற்று. நான்காண்டு வாழ்ந்த பெயர். 2020 ஜூனில் 1018 ஊர்களின் பெயர்களைத் தமிழ் ஒலிப்புக்கு ஏற்ப ஆங்கிலத்தில் எழுத வேண்டும் என்று தமிழ்நாடு அரசு ஆணையிட்டது. எழுத்துக் கூட்டல் பற்றி எழுந்த விவாதத்தில் சில நாட்களிலேயே அது திரும்பப் பெறப்பட்டது. பூர்கோஞ்சுக்காரர்களின் ஆசையும் நம் ஆசையும் ஒன்றே. அவர்களுக்குப் பின்னால் ஒரு விளைபொருளும் அதன் சட்டமும் நின்றன. நம்மிடம் ஆணை மட்டும் இருந்தது. அந்த வகையில் 2025இல் பண்ருட்டிப் பலாவுக்கும் பண்ருட்டி முந்திரிக்கும் புவிசார் குறியீடு கிடைத்ததை ஒரு மாவட்டப் பெயர் மாற்றத்தைவிடப் பெரிய செய்தியாக நான் எண்ணுகிறேன். அந்தப் பெயர் விளைவிப்பவரின் கையில் இருக்கிறது.

*

மாவட்டத்திலிருந்து வள்ளலார் பெயரை எடுத்ததால் வடலூரில் எதுவும் குறைந்துவிடவில்லை. காரணம், அங்கே பெயர் காகிதத்தைச் சார்ந்து நிற்கவில்லை. பீரங்கிகள் ஓய்ந்து எண்பத்து நான்கு ஆண்டுகள் கழித்து, 1867 மே 23இல் இராமலிங்க வள்ளலார் அங்கே சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். அதற்கான நிலம், ஏறத்தாழ எண்பது காணி, பார்வதிபுரத்து மக்கள் தந்தது. மன்னரோ கும்பினியோ தந்ததன்று. அதற்கு முந்தைய ஆண்டு, 1866, தென்னாட்டில் கொடிய பஞ்சம் நிலவிய ஆண்டு என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

1758இல் இந்த வட்டாரத்தில் ஒரு படை சாதி பாராமல் மனிதர்களைப் பிடித்துச் சுமை ஏற்றியது. 1867இல் ஒருவர் சாதி பாராமல் மனிதர்களை அழைத்து உணவிட்டார். சாதி பாராமை என்ற ஒரே சொல்லுக்குள் இந்த இரண்டும் அடங்கிவிடுகின்றன என்பதுதான் அச்சந்தருவது. அதிகாரத்தின் சமத்துவம் எல்லோரையும் ஒரேபோல் மாடாக்குகிறது. பசியை அறிந்தவரின் சமத்துவம் எல்லோரையும் ஒரே பந்தியில் உட்காரவைக்கிறது. நம் வரலாற்றில் இரண்டும் உண்டு. முன்னதன் கப்பல்களுக்கு நம்மிடம் முழுப் பட்டியல் இருக்கிறது. பின்னதில் உண்டவர்களுக்குப் பட்டியல் இல்லை. பசித்து வந்தவரிடம் பெயரும் ஊரும் கேட்பது அந்தச் சாலையின் வழக்கமில்லை.

பூர்கோஞ் கோமகன் என்ற சிறுவன் இல்லை. அவன் பெயர் கொண்ட கப்பலும் இல்லை. அது குறிவைத்த கோட்டையும் இல்லை. பூர்கோஞ் மண்ணில் கொடி காய்க்கிறது. அதனால் பெயர் நிற்கிறது. வடலூரில் அன்று மூட்டிய அடுப்பில் இன்றும் சோறு வேகிறது. அதற்கு ஊரார் இட்ட பெயர் அணையா அடுப்பு. அந்தப் பெயரை நிலைக்கவைப்பதற்கு ஒவ்வொரு நாளும் யாராவது விறகு தள்ள வேண்டியிருக்கிறது.